துணிக்கு அடியில் நாலு விரல்

தேர்வு அறைக்கு வெளியேதான் நடக்கிறது என்று நான் நம்பினேன். உள்ளே இருக்கும் மேசை, நாற்காலி, கழுத்துப்பட்டை கட்டிய ஆட்கள், அவர்கள் அட்டையில் செருகி வைத்திருக்கும் தாள்கள் எல்லாம் கண்துடைப்பு. உண்மையான அதிகாரி டீ கொண்டு வருகிறவராக இருப்பார், அல்லது வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை வைத்துத்தான் வேலை கொடுப்பார்கள். இதை நான் அரைகுறையாக நம்பவில்லை. திருப்பதியில் ஒரு ஓட்டலில் ஒரு பகலும் ஒரு சாயங்காலமும் இதை நம்பி வியர்வை சிந்தியிருக்கிறேன்.

இந்த ஞானத்தை எனக்கு ஊட்டியவர் என் மனைவியின் அண்ணன். குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் டிரைவர். போனில் சொன்னார்:

"மாப்ள, பெரிய கம்பெனிக்காரன் கேள்வி கேட்டு ஆள எடுக்க மாட்டான். நீ இன்னா பண்றன்னு ஓரமா நின்னு பாத்துக்கினே இருப்பான். இங்கியும் அப்டிதான். தோட்டக்காரன்னு நெனச்சி ஒர்த்தன்கிட்ட எகிறினேன். பாத்தா முதலாளியோட தம்பி."

அவருக்கு நான் குவைத்துக்கு வர வேண்டும் என்று ஆசை. ஒரு கிடங்கில் எனக்கு விசாவும் ஏற்பாடு செய்திருந்தார். உள்ளூர் வேலைக்கு அவர் சொன்ன யோசனையை நான் கொஞ்சம் முகர்ந்து பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு எல்லாரையும் சந்தேகப்பட்டவன் அவரை மட்டும் விட்டுவிட்டேன்.

என் நிலைமை இதுதான். சித்தூரில் மாங்கூழ் எடுக்கும் ஆலை ஒன்றில் நான் லைன் சூப்பர்வைசர். மாங்காய் வரும் மாதங்களில் எனக்குச் சட்டைப்பையில் பேனா, கழுத்தில் அடையாள அட்டை. மாங்காய் நின்றதும் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேலூரில் தெரிந்தவர் ஒருவரின் எலெக்ட்ரிகல் கடையில் ஒயர் அளந்துகொண்டிருப்பேன். வருஷத்துக்கு இரண்டு முறை நான் யார் என்பது மாறும். மகள் பள்ளிக்கூடத்தில் 'அப்பா என்ன வேலை செய்கிறார்' என்று கேட்டால், 'இப்போ என்ன மாசம் டீச்சர்?' என்று திருப்பிக் கேட்பாளாம்.

குவைத்துக்குப் போனால் வருஷம் முழுக்க வேலை. ஆனால் எனக்கு விமானம் என்றால் பயம். ஏறினால் இறங்க மாட்டேன் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரியது, இறங்கிவிட்டால் இரண்டு வருஷம் திரும்ப ஏற முடியாதே என்பது. திருப்பதியில் இருந்த ஏஜெண்ட், இந்தத் தேர்வுக்கு அடுத்த வாரம் வரும் சனிக்கிழமைக்குள் பாஸ்போர்ட்டைக் கொடுக்கச் சொல்லியிருந்தார். பிறகு விசா வேறொருவருக்குப் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் சத்தியவேடு பக்கம் வயலும் மேடும் சமமாகி, தகரக் கூரையும் கண்ணாடிச் சுவருமாகக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. வண்டிகளுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஷிப்ட் சூப்பர்வைசர்களைத் தேடியது. மனு போட்டேன். 'அசெஸ்மென்ட் சென்டருக்கு வரவும்' என்று பதில் வந்தது. சென்டர் என்றதும் ஏதோ ஒரு கட்டடம் என்றுதான் நினைத்தேன். கட்டடம் இல்லை. ஆட்களை இரண்டு நாள் ஒரே இடத்தில் அடைத்து, கூட்டமாகப் பேச வைத்து, நடிக்க வைத்து, எழுத வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடும் ஏற்பாட்டுக்கே அந்தப் பெயர்.

என் மனைவி விஷயத்தைச் சுருக்கமாக முடித்தாள். "கெடச்சா சத்தியவேடு, கெடைக்கலன்னா குவைத்து. ஊட்ல குந்திக்கினு ஃபேன் ரெக்கைய எண்ற வேல மட்டும் வாணாம் மாமா."

முதல் நாள் காலையில் திருப்பதி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். ஓரமாக நின்று பார்க்கிறவர் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிப்பதற்கு அதைவிட மோசமான ஊர் கிடையாது. ஊரே மொட்டை. ஆண், பெண், கைக்குழந்தை, எல்லார் தலையிலும் சந்தனம். வேஷம் போட்டு ஒளிந்துகொள்ள நினைக்கும் அதிகாரிக்கு இதைவிட வசதியான இடம் எது? இதற்காகத்தான் திருப்பதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று அப்போதே முடிவு கட்டினேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

ஓட்டல் வாசல் கூடத்தில் ஒரு மொட்டைத் தலைக்காரர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், புதுச் சந்தனம். நான் நுழைந்ததும் தாளைத் தாழ்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். போதாதா? "குட் மார்னிங் சார்" என்றேன். பதிலுக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, தாளை உயர்த்திக்கொண்டார். பெரிய அதிகாரிகள் அப்படித்தான்.

மாடியில் ஒரு நீள அறை. நாங்கள் பன்னிரண்டு பேர். சுவரோரம் பார்வையாளர்கள். அவர்களில் எனக்கு நினைவிருப்பவர் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடி, பருத்திப் புடவை. எழுதும்போது தாளைப் பார்க்காமல் எங்களையே பார்த்தபடி எழுதுவார். கோழி கொத்துவதுபோல் அந்தப் பேனா தாளைத் தொடும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று குறைந்தது.

எங்கள் பேச்செல்லாம் ஒரே பேச்சுதான்: இடம் இரண்டு, இரண்டும் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. எம்.எல்.ஏ. கடிதம் என்றார் ஒருவர். கம்பெனிக்கு நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு என்றார் இன்னொருவர். எல்லாரும் எல்லாரையும் 'நீதானா அது?' என்பதுபோல் பார்த்தோம்.

முதல் தேர்வு கூட்டமாகப் பேசுவது. நடுக்கடலில் படகு மூழ்குகிறதாம். கையில் இருக்கும் சாமான்களில் எவற்றை எடுத்துக்கொள்வீர்கள், எவற்றை விடுவீர்கள்? சித்தூர் மாவட்டத்துக்காரனைக் கூப்பிட்டுக் கடலில் தள்ளிவிட்டார்கள். எங்கள் தெருவில் குடிதண்ணீரே லாரியில்தான் வரும். ஆனாலும் பத்துப் பேரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். நகரியிலிருந்து வந்த ஒரு இளைஞர் மட்டும் கத்தவில்லை. தறி ஓட்டும் குடும்பம். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டி, "ஐ அக்ரி வித் யூ" என்பார். எதிராளி சொன்னதற்கும் அதே. இவர் தேற மாட்டார் என்று மனதுக்குள் அடித்துவிட்டேன்.

நான் கடலைக் கவனிக்கவில்லை. கதவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. டீ.

தட்டு நிறையக் கோப்பைகளோடு வந்தவரின் நடையில் ஒரு நிதானம் இருந்தது. டீ கொண்டு வருகிறவருக்கு எதற்கு இத்தனை நிதானம்? எழுந்தேன். படகு மூழ்கிக்கொண்டிருக்கும்போதே தட்டில் பாதியை வாங்கி ஒவ்வொருவருக்கும் கோப்பை நீட்டினேன்.

"சார், மீரு கூர்ச்சோண்டி. நீங்க குந்துங்க சார், நான் குடுக்கறேன்" என்றார் அவர்.

"பரவால்ல சார். எல்லா வேலையும் ஒண்ணுதான் சார்" என்றேன், சுவரோரம் கேட்கும்படி.

அவர் குரலைத் தாழ்த்தினார். "மேனேஜரு பாத்தா என்னிய தாங்க திட்டுவாரு. என் வேலைய இஸ்துக்காதீங்க சார்."

என்ன தத்ரூபமான நடிப்பு! எனக்குப் புல்லரித்தது. அந்த அம்மாவின் பேனா கொத்திக்கொண்டே இருந்தது. எனக்கு வரவா செலவா என்று தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டிலும் என் சந்தேகம் பசியைத் தின்றது. சாதத்தைக் கையால் பிசையலாமா? கரண்டியால் ரசத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர் இலையை வழித்துச் சாப்பிடுவதுபோல் பீங்கான் தட்டை வழித்துக்கொண்டிருந்தார்.

"துன்னு ணா. பசியோட இன்னா பரிச்ச."

குரல் பழகிய குரல். திரும்பினேன். வெதுருகுப்பத்துக்காரர். சீசனில் மண்டியிலிருந்து எங்கள் ஆலைக்குத் தோத்தாபுரி மாங்காய் லோடு கொண்டு வருகிறவர். லாரி வந்ததும் எத்தனை பெட்டியைக் கழிவாகத் தள்ளுவது என்று எனக்கும் அவருக்கும் ஆலை வாசலில் ஒவ்வொரு ஜூனிலும் யுத்தம். தலைவாரி, பவுடர் போட்டு வந்திருந்ததால் காலையில் அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் என்னைத் தெரியவில்லையாம். "நீ டீ குடுத்துக்கினு இருந்தியா, ஓட்டல் ஆளுன்னு நெனச்சிக்கினேன்" என்றார்.

கை கழுவி, மேசையில் மடித்து வைத்திருந்த வெள்ளை நாப்கினில் துடைத்து, பழக்கத்தில் அதைத் தோளில் போட்டுக்கொண்டார். அப்படியே மாடிக்கு வந்தார்.

அடுத்தது நடிப்பு. எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். அந்த அம்மா வெதுருகுப்பத்துக்காரரைப் பார்த்து விளக்கினார்:

"நீங்க ரெண்டு பேரும் ரெண்டு லைனுக்கு சூப்பர்வைசர். சங்கராந்திக்கு நிறையப் பேர் ஊருக்குப் போயிட்டாங்க. உங்க லைன் நிக்கப்போகுது. இவர்கிட்ட ஆள் கேக்கறீங்க. எத்தனை பேர்னு பேசி முடிவுக்கு வாங்க. இருபது நிமிஷம்."

வெதுருகுப்பத்துக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஜூன் மாதம், ஆலை வாசல், லாரி. அவர் கை தானாகத் தோளுக்குப் போனது. நாப்கினை எடுத்தார். என் கை தானாக நீண்டது. துணி எங்கள் கைகளின் மேல் விழுந்தது.

மண்டி பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விலையோ கணக்கோ, இருவர் பேசுவது சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அடுத்த லோடுக்காரனும் அதையே கேட்பான். அதனால் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். அவர் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். ஐந்து ஆள் வேண்டுமாம். நான் அவர் விரல்களை உதறி மூன்றைப் பிடித்தேன். அவர் மறுபடி ஐந்து. நான் மூன்றிலேயே நின்றேன். அவர் கொஞ்சம் யோசித்து நாலைப் பிடித்து, உள்ளங்கையை ஒரு அழுத்து அழுத்தினார். நானும் அழுத்தினேன். துணி எடுக்கப்பட்டது, தோளுக்குப் போனது.

"முடிஞ்சிச்சி மேடம்" என்றார் அவர்.

அந்த அம்மாவின் பேனா தாளுக்கு மேலே காற்றில் நின்றது. "என்ன முடிஞ்சது?"

"நாலு ஆளு மேடம்."

"நீங்க பேசவே இல்லையே?"

"பேசனா கெட்டுப்பூடும் மேடம்" என்றேன் நான். எனக்கு உண்மையிலேயே உதவி செய்யும் எண்ணம்தான்.

அவர் தன் தாளைப் பார்த்தார். எட்டிப் பார்த்தேன். 'கேட்கும் திறன்', 'எடுத்துச் சொல்லும் திறன்', 'இணங்க வைக்கும் திறன்' என்று ஆங்கிலத்தில் கட்டம் கட்டமாக இருந்தது. எல்லாக் கட்டமும் வெள்ளை. அவர் மேல் தப்பில்லை. பாவம், ஒரு நாப்கினுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது?

"இன்னொரு தடவை பண்ணுங்க" என்றார். "வாயால. எங்களுக்குக் கேக்கணும்."

அங்கேதான் வினை. துண்டுக்கு அடியில் பேச்சு நடக்கும்போது மண்டியில் வாய் சும்மா இருக்காது. சுற்றி நிற்கிறவர்களின் கவனத்தைத் திருப்ப, இரண்டு பேரும் உரக்கத் திட்டிக்கொள்வார்கள். கை இணங்கும், வாய் சண்டை போடும். எங்கள் இருவருக்கும் வாயால் தெரிந்த வியாபாரம் அது ஒன்றுதான்.

"உனுக்கு ஆளு குடுக்க நான் இன்னா சத்திரமா நடத்திக்கினு கீறேன்?" என்று ஆரம்பித்தேன்.

"போன தபா நீ அனுப்சது ஆளா? நிக்க வெச்சா சாயுது, சாய வெச்சா தூங்குது!"

"என் ஆளுங்களயா சொல்ற? உன் லைன்ல பாதி அழுவல்! மீதி பிஞ்சு!"

"அறுத்துக் காட்டட்டா? ஒவ்வொண்ணும் கொட்ட வரிக்கும் பொன்னு மாரி கீது!"

"கொட்டைல வண்டு கீது, அத்த சொல்லு!"

நாங்கள் பேசுவது மனிதர்களைப் பற்றி என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று. வெதுருகுப்பத்துக்காரர் மேசையில் ஓங்கிக் குத்தினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். கதவு திறந்து டீக்காரர் ஓடி வந்து, "ஒத்து சார், வாணாம் சார், விட்ருங்க சார்" என்று நடுவில் நின்றார். மணி அடித்தது.

"அப்ப எத்தனை பேர்?" என்று கேட்டார் அந்த அம்மா, மிக மெல்லிய குரலில்.

"நாலுதான் மேடம்" என்றோம் இருவரும் சேர்ந்து. "அதான் முன்னயே முடிஞ்சிச்சே."

அந்த நாள் போன போக்கில் மனம் உடைந்து கீழே இறங்கினேன். மொட்டைத் தலைக்காரர் அதே நாற்காலியில் இருந்தார். அதே செய்தித்தாள். ஒரு மனிதன் ஒரு செய்தித்தாளைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை படிக்க என்ன இருக்கிறது? சந்தேகமே இல்லை. மேலே விட்டதைக் கீழே பிடித்துவிடலாம்.

"சார், ஏதாவது வேணுமா சார்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காப்பி கெடைக்குமாப்பா?"

ஓடிப்போய் வாங்கி வந்தேன். அவர் குடிக்கும்போது பக்கத்தில் நின்று, பேச்சுவாக்கில் சொல்வதுபோல், நான் எந்த வேலையையும் சின்ன வேலை என்று நினைப்பதில்லை, நேரம் தவறுவதில்லை, கூட்டாக வேலை செய்வது என்றால் உயிர் என்றெல்லாம் சொன்னேன்.

"அப்டியா. ரொம்ப நல்லது. ரூம்ல பைப்பு சரியா வர்ல. ஒரு பக்கெட் தண்ணி புட்சாந்து வெச்சிடு."

இது ஒரு தேர்வு என்று எனக்குப் புரிந்தது. ததும்பாமல் இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோனேன். அவர் மனைவியும் மொட்டைதான், கட்டிலில் உட்கார்ந்து லட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார். குடும்பத்தோடு வேஷமா என்று லேசாக உறுத்தியது. உறுத்தலை ஒதுக்கினேன். அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். பைகளை நான்தான் தூக்கினேன். ஆட்டோவில் ஏற்றி, வாடகைக்குப் பேரம் பேசிக் கொடுத்து, கதவில்லாத ஆட்டோவுக்குக் கதவு சாத்துகிற தோரணையில் நின்றேன்.

"நல்ல ஓட்டல்பா" என்றார் அவர் உட்கார்ந்தபடி. "ஆளுங்கள நல்லா பழக்கி வெச்சிக்கிறாங்க. எத்தினி வருசமா வேல செய்ற இங்க?"

ஆட்டோ போய்விட்டது. ஆம்பூர் பக்கத்துப் பேருந்தைப் பிடிக்கப் போகிறார்களாம்.

வாசலில் வெதுருகுப்பத்துக்காரர் வெற்றிலை மென்றுகொண்டு நின்றிருந்தார். "அப்போலருந்து பாத்துக்கினு கீறேன் ணா. உங்க பெரியப்பாவா அவரு?"

ஆக, தேர்வு அறைக்குள்ளேயேதான் நடந்திருக்கிறது. இது புரிந்ததும் என் பதற்றம் இரட்டிப்பானது. முதல் நாள் அறைக்குள் நான் நடிக்கவே இல்லை. நடிப்பையெல்லாம் வராந்தாவில் செலவழித்துவிட்டேன். உள்ளே இருந்தது வெறும் நான். அதை நாலு பேர் பார்த்து எழுதிவிட்டார்கள். இனி இரண்டாம் நாளாவது நடிக்க வேண்டும்.

நடித்தேன். ஒரு தட்டு நிறையக் கடிதங்கள் கொடுத்து எதை முதலில் கவனிப்பீர்கள் என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். இயந்திரக் கோளாறு, ஒரு தொழிலாளிக்குக் காய்ச்சல், பெரிய அதிகாரி வருகை, கேண்டீன் சாம்பார் பற்றிப் புகார். எதையும் பின்னால் தள்ளினால் அலட்சியம் என்று நினைப்பார்களோ? எல்லாவற்றின் மேலும் 'உடனடி' என்று எழுதினேன். சாம்பார் உட்பட. மறுபடியும் கூட்டப் பேச்சு வந்தபோது நகரிக்காரரின் வழியைப் பிடித்தேன். அவர் பக்கம் திரும்பி, "ஐ அக்ரி வித் யூ" என்றேன்.

"அண்ணா, நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே" என்றார் அவர்.

கடைசியாக அந்த அம்மாவோடு தனியாக ஒரு பேச்சு. மேசையில் அவருடைய தாள்கள். கேட்டார்: "நேத்து எல்லாரும் விவாதம் பண்ணிட்டு இருக்கும்போது நீங்க எழுந்து டீ குடுத்தீங்க. ஏன்?"

அடக்கம், சேவை மனப்பான்மை, தலைமைப் பண்பு என்று இரவெல்லாம் தயாரித்த பதில்கள் வரிசையாக வாசலில் நின்றன. ஒன்றும் உள்ளே வரவில்லை. "அவருதான் பெரிய ஆபீசருன்னு நெனச்சிக்கினேன் மேடம்" என்றேன். மொட்டைத் தலைக்காரரையும் சொன்னேன். பக்கெட்டையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பா எரிச்சலா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு நிறைய எழுதினார்.

போகிற வேலை போகட்டும் என்று நானும் ஒன்று கேட்டேன். "ரெண்டு நாள் பாத்தா ஒரு ஆளு தெரிஞ்சிடுமா மேடம்?"

"முழுசா தெரியாது. ஒருத்தர் அரை மணி நேரம் கேள்வி கேட்டு எடுக்கறதுல நடக்கற தப்பை விடக் கொஞ்சம் கம்மியா தப்பு நடக்கும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"நாங்க மாங்காய அறுத்துப் பாத்துடுவோம் மேடம்."

"அறுத்த மாங்காயைத் திரும்ப லோடுல சேப்பீங்களா?"



ஊருக்கு வந்தேன். அடுத்த வாரம் புதன்கிழமை வெதுருகுப்பத்துக்காரர் போன் செய்தார். அவருக்கு வேலை உத்தரவு வந்துவிட்டதாம். நகரிக்காரருக்கும் வந்ததாம். நான் வாழ்த்துச் சொல்லி போனை வைத்துவிட்டு, மனைவியிடம் புலனாய்வு முடிவுகளை அறிவித்தேன். வெதுருகுப்பத்துக்காரரின் மாமா பழைய சர்பஞ்ச், ஊராட்சித் தலைவர். நகரிக்காரருக்கு எவரோ ஒரு மந்திரியின் ஆள் தெரிந்திருக்கும். நாப்கினுக்கு அடியில் என்னோடு நாலு விரல் பேசியவர், அதற்கு முன்பே எவருடனோ மேசைக்கு அடியில் பேசி முடித்திருக்கிறார். ஒரே கூத்தை இரண்டு பேர் சேர்ந்து ஆடினால், ஒருவருக்கு மட்டும் எப்படிப் பரிசு?

"அவுரு இன்னா பண்ணாரோ, நீ டீ குடுத்த" என்றாள் அவள். பிறகு பரண் மேலிருந்து பெட்டியை இறக்கினாள்.

வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி பாதி நிறைந்துவிட்டது. ஆவக்காய் ஊறுகாய் பாட்டிலை நான்கு பிளாஸ்டிக் பைகளில் சுற்றிச் சட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தாள். வேலை வேண்டும் என்று துரத்தியவள், இப்போது ஒவ்வொரு சட்டையாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தாள். மறுநாள் காலைப் பேருந்தில் பாஸ்போர்ட்டோடு திருப்பதி. நான் ஃபேன் இறக்கையை எண்ணினேன். மூன்றுதான் இருந்தது.

சாயங்காலம் போன் அடித்தது. சென்னை எண். அதே மெல்லிய குரல்.

"தேர்வானவங்கள்ல ஒருத்தர் சேரலை. அடுத்தது உங்க பேர். நீங்க இன்னும் தயாரா இருக்கீங்களா?"

சந்தோஷப்படுவதற்கு முன்னால் சந்தேகம் வந்துவிட்டது. "மேடம், இதுவும் டெஸ்டா?"

"இல்லைங்க. இது வேலை."

என் மனைவி போனை என் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சரின்னு சொல்லு மாமா, சரின்னு சொல்லு" என்றாள். சரி என்றேன். சரி என்று சொன்ன பிறகும் நம்பிக்கை வராமல் வெதுருகுப்பத்துக்காரருக்கு போன் போட்டேன்.

"எனுக்கு குவைத்து விசா வந்திருச்சி ணா" என்றார். "ரெண்டு வருசமா அதுக்குதான் காத்துக்கினு கீறேன். செவ்வாக்கெழம ஃபிளைட்டு."

"அப்ப அந்தப் பரிட்சைக்கு ஏன்யா வந்த?"

"ரெண்டு நாளு ஓட்டல் சாப்பாடு ணா. நீதான் துன்னவே இல்ல."

நான் அன்றைக்கு வெகுநேரம் யோசித்தது இதைத்தான். இரண்டு நாள் அத்தனை பேர் எங்களைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். கடலில் தள்ளிப் பார்த்தார்கள், சண்டை போட வைத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் வீட்டில் பாஸ்போர்ட் வைத்திருந்தோமோ! 'எடுத்தால் இருப்பாயா?' என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் உண்மை சொல்லியிருப்போமா என்பது வேறு விஷயம்.

நகரிக்காரரைப் பற்றி நான் கட்டிய மந்திரிக் கதையும் தேறவில்லை. வேலையில் சேர்ந்தபின் தெரிந்தது, அவருக்கு எந்த மந்திரியையும் தெரியாது. இரண்டு ஆட்கள் லைனில் முட்டிக்கொண்டால் நடுவில் போய் நின்று இரண்டு பேருக்கும் தலையை ஆட்டுவார். பத்து நிமிஷத்தில் அவரவர் இடத்துக்குப் போய்விடுவார்கள். பொறுக்கும் வேலை என் கையில் இருந்திருந்தால் முதல் நாளே அவரைத்தான் கழிவில் போட்டிருப்பேன். பின்னாளில் அவர் எனக்கு மேலதிகாரியாகவே ஆகிவிட்டார்.

வருஷங்கள் போனபின் என்னையும் ஒன்றிரண்டு முறை சுவரோரம் உட்கார வைத்து, அட்டையும் தாளும் கொடுத்தார்கள். கட்டங்களை நிரப்பினேன். சரியாகத்தான் நிரப்பினேனா என்று இன்றைக்கும் எனக்கு என்மேலேயே சந்தேகம். ஒரு முறை டீ வந்தபோது ஒரு பையன் துள்ளி எழுந்து தட்டை வாங்கினான். இவனுக்கு எந்த மச்சான் போன் பண்ணியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, கட்டத்தை வெள்ளையாகவே விட்டேன்.

என் விஷயத்தில் எம்.எல்.ஏ. கடிதம் இல்லை, டீக்காரர் அதிகாரி இல்லை, மொட்டைத் தலைக்காரர் ஆம்பூர்க்காரர். இடம் இரண்டு. நான் மூன்றாவதாக வந்திருந்தேன். முதலாவதாக வந்தவர் செவ்வாய்க்கிழமை குவைத்துக்கு விமானம் ஏறினார். அதற்கு முந்தின நாள் நான் சத்தியவேட்டுக்குப் பேருந்து ஏறினேன்.